நோய் மகளுக்கு, பெயர் அம்மாவுக்கு

சென்ற மாதம் நிரோஜா என்னைப் புத்தூரில் ஒரு பாடசாலைக்கு அழைத்துப் போனாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடங்களில் என்னுடன் வேலை செய்த தாதி அவள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென்று புதிதாகத் தொடங்கியிருக்கும் கிளினிக்கை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றி என்ன தெரியும், அவர்களுடைய நாட்கள் எப்படிப் போகின்றன என்று அறிய ஒரு கேள்விக்கொத்து தயாரித்திருந்தார்கள். போதுமான நேரம் நித்திரை கொள்கிறீர்களா, உடம்புக்கு ஏதாவது செய்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள் என்ற மாதிரியான கேள்விகள். நல்ல கேள்விகள்தான். பிள்ளைகள் பேனையை எடுப்பதற்குள் ஒரு தாய் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"மிஸ், உதை நான் வீட்டை கொண்டுபோய் நிரப்பித் தரட்டோ? மோனுக்கு ரியூசனுக்கு நேரமாகுது."

"அம்மா, உங்கடை மோன் எத்தினை மணிக்குப் படுக்கிறவர் எண்டு அவரைத்தான் கேட்டிருக்கு," என்றாள் நிரோஜா.

"அவனுக்கு என்ன தெரியும்? நான் சொல்லுறன், எழுதுங்கோ."

நிரோஜா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகனைப் பார்த்தேன். பதினாறு வயதிருக்கும், மீசை அரும்பிய பையன். பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு, தாய் சொல்லி முடிக்கட்டும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது பழகிப் போயிருந்தது. பஸ்ஸில் வரும்போது நான் புறுபுறுத்ததைக் கேட்ட நிரோஜா, "அக்கா, உதுகளை எழுதுங்கோ. புதுசா வாற பிள்ளையள் வாசிக்கட்டும்," என்றாள். எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் தாதியர் பயிற்சி முடித்தவள் நான். மெழுகுதிரி வெளிச்சத்தில் சேலைன் ஏற்றிய கதைகளை என் வயதுக்காரர் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அதை நானும் சொல்லி உங்கள் நேரத்தைத் தின்னப் போவதில்லை. பிரசவ வார்ட், சத்திரசிகிச்சை வார்ட், அவசரப் பிரிவு என்று சுற்றிவிட்டுக் கடைசியில் சலரோகக் கிளினிக்கில் வந்து விழுந்தேன். நீரிழிவைத்தான் நாங்கள் சலரோகம் என்கிறோம். பெரியவர்களுக்கு வரும் சலரோகத்தை எல்லாருக்கும் தெரியும். சிறு பிள்ளைகளுக்கும் ஒரு வகை வரும் என்பது பலருக்குத் தெரியாது. அதில் உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும். வாயால் விழுங்கும் குளிசை வேலை செய்யாது. பாவற்காயும் குறிஞ்சா இலையும் கனடாவில் இருக்கும் சித்தி அனுப்பும் தூளும் வேலை செய்யாது. காலையும் மாலையும் ஊசி போட்டால் பிள்ளை ஓடி விளையாடும். போடாவிட்டால் சில நாட்களில் செத்துப் போகும். இவ்வளவுதான் விஷயம். இந்த இரண்டு வரியைப் பெற்றோருடைய தலைக்குள் ஏற்றுவதற்கு என் வாழ்நாளின் பெரும் பகுதி போயிற்று.

கிளினிக்கை நடத்திய பெரிய டொக்டர் அதிகம் பேசாத மனிதர். அவருடைய அறையில் நோயாளியின் ஸ்டூல் அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். தாய் தகப்பனுக்கான கதிரை பின்னால், சுவரோடு. யாராவது அந்தக் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். எழுந்து போய்த் தன் கையாலேயே அதைத் திரும்பச் சுவரோடு வைத்துவிட்டு வந்து உட்காருவார். பிள்ளைகளை "நீங்கள்" என்றுதான் கூப்பிடுவார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வேறு யாரையோ கேட்கிறார் என்று திரும்பிப் பார்ப்பதுண்டு.

"போன மாதம் உங்களுக்கு எப்பிடிப் போச்சு?" என்று பிள்ளையைக் கேட்பார். பின்னாலிருந்து தாய் பதில் சொல்லத் தொடங்குவார். டொக்டர் உடனே பேனையின் மூடியைப் போட்டுத் திருகிவிட்டு யன்னலைப் பார்ப்பார். தாய் சொல்லி முடித்ததும் மூடியைக் கழற்றி அதே கேள்வியை அதே சொற்களில் பிள்ளையிடம் திரும்பக் கேட்பார். தாய் திரும்பவும் தொடங்குவார். மூடி திரும்பவும் போகும். சில தாய்மாருக்கு மூன்றாம் முறையில் விளங்கும். சிலருக்கு அந்த வருடம் முழுவதும் விளங்காது.

வெளியே வராந்தாவில் சனம் கொதித்துக்கொண்டிருக்கும். பேச்சு வாங்குகிறவள் நான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"சேர், தாய் சொல்லுறதை எழுதிக்கொண்டு அனுப்பினால் கெதியா முடியுமெல்லோ? வெளியிலை சனம் நிக்குது."

"நிக்கட்டும் மிஸ்ஸி. இந்தப் பிள்ளைக்கு அறுபது வயசாகேக்கை பின்னாலை இருந்து பதில் சொல்ல அம்மா இருக்கமாட்டா."

அவரோடு எனக்கு ஆயிரம் சண்டை. இந்த விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

என்னுடைய இடம் அறையின் மூலையில், ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால். ஊசி போடப் பழக்குவது என் வேலை. இன்சுலின் போத்தலைக் குலுக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்ட வேண்டும், அடியில் தங்கியிருக்கும் வெள்ளை மறைந்து ஒரே பால்நிறமாக வரும்வரை. எடுக்கப் போகும் அளவுக்குக் காற்றை முதலில் போத்தலுக்குள் செலுத்த வேண்டும். பிறகு கவிழ்த்து இழுக்க வேண்டும். குமிழி வந்தால் விரலால் தட்டி வெளியேற்ற வேண்டும். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, ஊசியைப் போட்டு, மருந்து முழுவதும் உள்ளே போன பின்பும் ஆறுதலாகப் பத்து எண்ண வேண்டும். நேற்றுப் போட்ட இடத்தில் இன்றைக்குப் போடக் கூடாது. அதோடு, உடம்பில் சீனி திடீரென்று குறைந்தால் வியர்க்கும், கை நடுங்கும், கண் மங்கும். அந்த நேரம் யோசிக்காமல் குளுக்கோசையோ இனிப்பு ரொபியையோ வாயில் போட வேண்டும். எழுத எவ்வளவு சுலபமாக இருக்கிறது! "நான் போட்டு விடுறன் மிஸ்ஸி, அவளுக்குக் கை நடுங்கும்" என்று திரைக்குள் தலையை நீட்டாத தாயை நான் கண்டதில்லை.

ஜெரூஷாவின் தாய் எஸ்தரும் அப்படித்தான் தலையை நீட்டினார். அச்சுவேலிப் பக்கத்துக் குடும்பம். தகப்பன் வெங்காயம் பயிர் செய்கிறவர், அமைதியான மனிதர், கிளினிக்கில் நான் அவரை இரண்டு தரம்தான் கண்டிருப்பேன். எஸ்தர் தங்கள் ஊர்த் திருச்சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். நல்ல குரல், எதையும் முன்னின்று செய்யும் சுபாவம். ஜெரூஷா ஏழாம் வகுப்பில் எங்களிடம் வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். ஒரே மாதத்தில் ஊசி பழகிவிட்டாள். பிறகு புதிதாக வரும் சின்னப் பிள்ளைகளுக்குப் போத்தலை எப்படி உருட்டுவது என்று அவள்தான் காட்டிக் கொடுப்பாள். அவளைப் போல நோயை விளங்கிக்கொண்ட பிள்ளையை நான் கண்டது குறைவு. சாப்பாடு பிந்தினால் என்ன செய்வது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, எதைக் கேட்டாலும் டக் டக்கென்று சொல்லுவாள். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை.

அவள் ஓ.எல். பொதுப் பரீட்சை எழுதும் பதினோராம் வகுப்புக்கு வந்த வருடம், எங்கள் அரியாலையில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கலியாணம். தேவாலயத்தில் திருமணம் முடிந்து மண்டபத்தில் தேநீர் விருந்து. ஒரு மேசை தள்ளி எஸ்தரும் ஜெரூஷாவும் இருப்பதைக் கண்டு எழுந்து அவர்களிடம் போகப் பார்த்தேன். அதற்குள் பெண் வீட்டுக்காரி ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்:

"எஸ்தர் அக்காவுக்குச் சீனி போடாத தேத்தண்ணி கொண்டு வாங்கோ! அவவுக்குச் சலரோகம் எல்லோ!"

நான் எழும்பியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எஸ்தருக்கு ஒரு சலரோகமும் இல்லை. எங்கள் கிளினிக்கில் அவருடைய இரத்தத்தையும் பார்த்திருக்கிறோம், என்னுடையதை விட நன்றாக இருந்தது. அந்தப் பெண் இப்போது ஜெரூஷாவின் பக்கம் திரும்பினாள்.

"பாவம் இந்தப் பிள்ளை. தாய்க்கு ஊசி போட்டுப் போட்டு மெலிஞ்சு போச்சு. நீயாவது வடிவாச் சாப்பிடு ராசாத்தி." கேக் இரண்டு துண்டும் இனிப்புத் தொதல் ஒரு பெரிய துண்டும் அவளுடைய தட்டில் விழுந்தன.

எஸ்தர் என்னைக் கண்டுவிட்டார். கண்ணாலேயே கெஞ்சினார். நான் அவரைத் தெரியாதவள் போல என் தேநீரைக் குடித்தேன். அவர் தன் கசப்புத் தேநீரை முகம் சுளிக்காமல் மடக்கு மடக்காகக் குடித்தார். ஜெரூஷா தொதலில் ஒரு மூலையைக் கடித்துவிட்டு மிச்சத்தைக் கைலேஞ்சிக்குள் சுற்றினாள். மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

அடுத்த கிளினிக்கில் எஸ்தரைத் திரைக்குப் பின்னால் இழுத்தேன்.

"உது என்ன நாடகம் எஸ்தர்?"

"கோவிக்காதேங்கோ மிஸ்ஸி. முதல் முதல் மருந்துக்கடையிலை ஊசி வாங்கேக்கை எங்கடை சபை ஆக்கள் கண்டிட்டினம். ஆருக்கு எண்டு கேட்டினம். எனக்கெண்டு வாயிலை வந்திட்டுது. பேந்து மாத்த ஏலாமப் போச்சு."

"அதுக்காக நாலு வருசமாச் சீனி இல்லாமல் தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"வீட்டிலையும் போடுறேல்லை. ஆரும் திடீரெண்டு வந்தால்?"

"உண்மையைச் சொன்னால் என்ன குறைஞ்சு போகும்?"

"பொம்பிளைப் பிள்ளை மிஸ்ஸி. நாளைக்கு அவளைக் கேட்டு ஆர் வருவினம்?"

"அவளுக்கு இப்பதான் பதினைஞ்சு வயசு!"

"சனம் இருபத்தைஞ்சிலையும் ஞாபகம் வைச்சிருக்கும்."

இதுதான் என்னை மேலும் எரிச்சல்படுத்தியது. அவர் சொன்னது முழுப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் சனம் அப்படித்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் சாதகம் கேட்பதற்கு முன் வருத்தம் ஏதும் உண்டோ என்று அயலில் விசாரிப்பார்கள். எஸ்தர் பொல்லாதவர் இல்லை. பிள்ளைக்கு வந்த நோயைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நடந்தவர். ஆனால் பஸ்ஸில், சந்தையில், எங்கள் வராந்தாவில்கூட அவர்தான் நோயாளி. ஜெரூஷா தாயைக் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை. கிளினிக் கொப்பியைத் தாய் மார்போடு அணைத்துப் பிடித்திருப்பார். அவளுக்கென்று அந்த நோய்கூடச் சொந்தமாக இல்லை.

அன்றைக்கு டொக்டர் ஜெரூஷாவிடம் கேட்டார். "உங்கடை வருத்தம் பள்ளிக்கூடத்திலை ஆருக்குத் தெரியும்?"

அவள் திரும்பித் தாயைப் பார்த்தாள். "ஒருத்தருக்கும் தெரியாது."

"நீங்கள் மயங்கி விழுந்தால் என்ன செய்வினம்?"

"தண்ணி தெளிப்பினம்."

டொக்டர் முதல் தடவையாகச் சுவரோடிருந்த கதிரையின் பக்கம் திரும்பினார். பிறகு எஸ்தரிடம், வகுப்பு ரீச்சர் ஒருவருக்கும் ஒரு சிநேகிதிக்குமாவது சொல்லியே ஆக வேண்டும், பரீட்சை வரப்போகிறது, மண்டபத்துக்குள் ரொபி கொண்டு போக அனுமதி எடுக்க வேண்டும் என்றார்.

"ஓம் டொக்ரர்," என்றார் எஸ்தர்.

எங்கள் ஊர்த் தாய்மாரின் அந்த ஓம் எனக்கு நன்றாகத் தெரியும். பேச்சு முடிந்தது, நாங்கள் வீட்டுக்குப் போகிறோம் என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகு கிளினிக்குக்கு அவர்கள் வரவேயில்லை. போன் எடுத்தேன். "சோதினை முடியட்டும் மிஸ்ஸி, ஒரு நாள் ரியூசன் விட்டாலும் அவளுக்குக் கஷ்டம்," என்றார்.

இனி எழுதுவது நான் நேரில் பார்த்ததில்லை. பிறகு பெரும்பாலும் ஜெரூஷா தன் வாயால் எனக்குச் சொன்னது.

விடியுமுன் ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பிறகு இருட்டும் வரை ரியூசன். காலையில் ஊசியைப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பாதி தின்ற பாணோடு ஓடுவாள். ஊசி போட்டால் சாப்பிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. ரியூசனில் மாதிரிப் பரீட்சை வைத்த அன்று நடுவில் சீனி குறைந்துவிட்டது. வியர்த்து ஊற்றியது. எழுத்து கோட்டை விட்டு இறங்கியது. சட்டைப் பையில் ரொபி இருந்தது. கையை உள்ளே விட்டு அதைப் பிடித்தபடியே இருந்திருக்கிறாள். வகுப்புக்குள் சாப்பிடக் கூடாது என்பது அந்த மாஸ்டரின் சட்டம். சாப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் அம்மா நாலு வருடமாகக் குடித்த தேநீர் எல்லாம் வீண். கடைசியில் மேசையில் தலையைப் போட்டுவிட்டாள். "சோதினை எண்டவுடனை மயங்கிற பயந்தாங்கொள்ளி," என்று மாஸ்டர் சொல்ல வகுப்பே சிரித்ததாம்.

எஸ்தர் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். ஊசி போட்டதால்தான் மயக்கம் வந்தது. ஆகவே பரீட்சை நாட்களில் காலையில் ஊசி வேண்டாம், வீட்டுக்கு வந்த பிறகு பார்ப்போம். இதைக் கேட்டபோது நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். ஒரு வகையில் கணக்குச் சரிதான் பாருங்கள். ஊசி போடாவிட்டால் சீனி குறையாது. ஏறும். ஏறி ஏறி ஆளைக் கொல்லும்.

"உனக்குத் தெரியாதோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"தெரியும் மிஸ்ஸி. சொன்னனான். அம்மா அழுதவா. ஒரு கிழமைதானே எண்டு விட்டிட்டன்."

பரீட்சை தொடங்கியது. மயக்கம் வரவில்லை, எஸ்தருக்குச் சந்தோஷம். தண்ணீர் விடாய் தாங்காமல் ஜெரூஷா போத்தல் போத்தலாகக் குடித்தாள். கணித பாடத்தன்று வீட்டுக்கு வந்ததும் குடித்த தண்ணீரையெல்லாம் சத்தி எடுக்கத் தொடங்கினாள். "ஒண்டும் சாப்பிடாதவளுக்கு என்னத்துக்கு ஊசி?" என்று மாலை ஊசியும் நின்றது. சத்தி எடுக்கும்போதுதான் ஊசி கட்டாயம் என்று நாங்கள் அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் தொண்டை வற்றச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த நாள் அவளுக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்திலுள்ள சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்று கடமையில் இருந்த தாதி சுகந்தி. எஸ்தரின் சபைக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் முன்பின் வாங்குகளில் உட்கார்ந்து ஆராதனை கேட்பவர்கள். சுகந்தியைக் கண்டதும் எஸ்தரின் வாய் பழக்கதோஷத்தில் வேறு கதை சொல்லத் தொடங்கிவிட்டது.

"கஸ்ரிக் டொக்ரர். சோதினைப் பயம். ஒழுங்காச் சாப்பிடுறேல்லை."

இளம் டொக்டர் பிள்ளையைப் பார்த்தார். "வேறை ஏதும் வருத்தம் இருக்கோ?"

"ஒண்டும் இல்லை," என்றார் எஸ்தர்.

சுகந்தி உதவி செய்கிற எண்ணத்தில் சொன்னாள்: "தாய்க்குத்தான் டொக்ரர் சலரோகம். பிள்ளை நல்ல சுகம்."

கட்டிலில் கிடந்த ஜெரூஷாவுக்கு அப்போது அரை நினைவுதான். எட்டி டொக்டரின் சட்டைக் கையைப் பிடித்தாளாம்.

"அம்மாவுக்கு இல்லை. எனக்கு. எனக்குத்தான் சலரோகம். ஊசி போடேல்லை."

தாய் முன்னால். சுகந்தி முன்னால். அந்த வார்ட்டில் இருந்த அச்சுவேலிச் சனம் அத்தனையும் முன்னால். இதைச் சொல்லிவிட்டு நினைவிழந்துவிட்டாள். விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது கருவி எண்ணைக் காட்டவில்லை. தன்னால் அளக்கக்கூடியதற்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டியது. உடனே சேலைனும் இன்சுலினும் ஏற்றி, ஆம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். வழி முழுக்கக் கூட வந்த சுகந்தி அழுதுகொண்டே வந்தாளாம்.

மறுநாள் காலை வேலைக்கு வந்த இடத்தில் செய்தி கேட்டு அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினேன். உள்ளே குழாய்களுக்கு நடுவில் அவள் ஒரு சின்னப் பிள்ளை போலக் கிடந்தாள். இன்னும் சில மணித்தியாலம் அந்த வாய் மூடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வெளியே வாங்கில் எஸ்தர். அவரை நார் நாராகக் கிழிக்க வேண்டும் என்றுதான் போனேன்.

"நான் அவளைக் காப்பாத்தத்தான் பாத்தனான் மிஸ்ஸி," என்றார்.

"ஆரிட்டை இருந்து?"

"சனத்திட்டை இருந்து."

"சனம் ஒருத்தரையும் இஞ்சை காணேல்லையே எஸ்தர். நீங்களும் நானும்தான் நிக்கிறம்."

அவர் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். கிழிக்க வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரக்கமும் வந்தது, கோபமும் குறையவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் மனிதருக்கு வாயில் ஒரு நல்ல வார்த்தையும் வராது. கன்டீனில் இருந்து தேநீர் எடுப்பித்துக் கொடுத்தேன்.

ஜெரூஷா பிழைத்துக்கொண்டாள். மிச்சப் பாடங்கள் போயின. ஒரு கிழமை என்று ஊசியை விட்ட பிள்ளைக்கு ஒரு வருடம் போயிற்று. வார்ட்டுக்கு மாற்றிய அன்று எங்கள் டொக்டர் வந்து கட்டிலோரம் நின்று, "இப்ப உங்களுக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். எஸ்தர் வாயைத் திறந்தார். பிறகு தானாகவே மூடிக்கொண்டார். அதற்காக அவர் ஒரேயடியாக மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். பரீட்சை மண்டபத்தில் ரொபி வைத்திருக்க அனுமதி கேட்டுக் கடிதம் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது, "கஸ்ரிக்குக்கு எண்டு எழுத ஏலாதோ டொக்ரர்?" என்று கேட்டார். "அம்மா!" என்று ஜெரூஷா போட்ட சத்தத்தில் அடுத்த கட்டில்காரி எழும்பிவிட்டாள்.

சபையில் என்ன நடக்கும் என்று எஸ்தர் பயந்து பயந்து வீட்டுக்குப் போனார். ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. இரண்டு கிழமை கதைத்தார்கள். "உனக்கு ஒண்டும் இல்லையெண்டால் நாலு வருசமா என்னத்துக்கு உனக்குப் புறம்பாச் சமைச்சனாங்கள்?" என்று ஐக்கியத்துப் பெண்கள் சண்டை பிடித்தார்களாம். அந்தச் சண்டையில் எனக்கும் உடன்பாடுதான்.

ஒரு மாதம் கழித்து ஜெரூஷாவின் கிளினிக் நாள். கொப்பியை அவளே பிடித்துக்கொண்டு வந்து வாங்கில் இருந்தாள், எஸ்தர் பின்னால் நின்றார். அன்றைக்குப் புதிதாகப் பதிய வந்தவர்களை நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் பின்னால் குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி ஒரு பெண். நிழலுக்குள் வந்த பிறகும் குடையை மடக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் சுகந்தி. பக்கத்தில் அவளுடைய மகன் டானியல், ஜெரூஷாவின் வயது.

"என்ன சுகந்தி, ஆருக்கு?"

"மகனுக்கு அக்கா. எட்டாம் வகுப்பிலை இருந்து ஊசி."

எனக்கு முதலில் விளங்கவேயில்லை. ஒவ்வொரு மாதமும் தமையன் வீட்டுக்குப் போவதாக ஊருக்குச் சொல்லிவிட்டு அவனை வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். ஒரு தாதி! தன் கையால் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் இன்சுலின் போடுகிறவள்!

"உமக்கும் விசரோ?" என்று கத்தியேவிட்டேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"வெளிநாட்டுக்கு அனுப்ப இருக்கிற பிள்ளை அக்கா. அங்கை மெடிக்கல் எடுப்பினம். ஊருக்குள்ளை தெரிஞ்சால் ஆரும் எம்பசிக்கு ஏதும் எழுதிப் போட்டிடுவினம் எண்டு..." என்று இழுத்தாள். பிறகு, "அண்டைக்கு அந்தப் பிள்ளை வாய் திறந்து சொல்லேக்கை என்ரை நெஞ்சு நிண்டு போச்சு. எனக்கு முன் வாங்கிலை நாலு வருசம் இருந்திருக்கிறாள்," என்றாள்.

எஸ்தர் ஒரு பக்கம் நிலத்தைப் பார்த்தார். சுகந்தி மறுபக்கம் குடையைப் பார்த்தாள். இவளுக்கு ஒளித்து அவரும், அவருக்கு ஒளித்து இவளும். இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? திட்டுவதற்குக்கூட எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். ஒரே சபை, ஒரே ஞாயிறு பள்ளி, பாடகர் குழுவிலும் ஒரே வரிசை.

"நீயுமோ?" என்றாள் ஜெரூஷா.

"ஓம்."

அவள் கொப்பியை மடியில் வைத்தாள். "போன வருசம் நத்தார் ஒளிவிழா அண்டைக்கு நான் பாட்டுக்கு நடுவிலை எழும்பிப் பின்பக்கம் போனனான். நீயும் பின்னாலை வந்து நிண்டனீ. வேவு பாக்க வந்தனீ எண்டு நினைச்சன்."

"இல்லை. எனக்கும் கை நடுங்கினது."

"பேந்து ஏன் சும்மா நிண்டனீ? ரொபி வைச்சிருக்கேல்லையோ?"

"பொக்கற்றுக்குள்ளை இருந்தது. நீ போகட்டும் எண்டு நிண்டனான்."

ஜெரூஷா அவனைப் பார்த்தாள்.

"நானும் நீ போகட்டும் எண்டுதான் நிண்டனான்," என்றாள்.